வண்டிக்கு ஒரு வாளி

786
அரியமங்கலம், திருச்சிராப்பள்ளி
9-3-1936

அன்புள்ள தம்பி தாஜுதீனுக்கு அக்கா ஹாஜிராவின் சலாம்.

பக்ரீத்துக்கு நீ வரவில்லை. பெல்லாரியில் மாடுகளுக்கு வெக்கை நோய், லீவு கிடையாது என்று கார்டு போட்டிருந்தாய். காரணம் அதுவல்ல என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், உன் மச்சானுக்கும் தெரியும். வாசல் தொட்டியை உடைக்கக் கடப்பாரையைத் தூக்கியவன் நீ. அதைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் வீசியவர் அவர். வைத்த சோற்றைத் தொடாமல் ரயிலேறிப் போனாய். அந்தத் தட்டை நான் எத்தனை நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று உனக்குத் தெரியாது.

அது அம்மா கடைசியாகக் கேட்டுக்கொண்ட தொட்டி. தஞ்சாவூர் ரஸ்தாவில் வருகிற எந்தக் குதிரையும் தாகத்தோடு நம் வாசலைத் தாண்டக் கூடாது என்றாள். "ஊர்க் குதிரையெல்லாம் ஒரே தொட்டியில் மூக்கை விட்டால் ஊர் நோயெல்லாம் நம் லாயத்துக்குத்தான் வரும்" என்று நீ கத்தினாய். நீ பெயர்த்த மூலையை மச்சான் சுண்ணாம்பு குழைத்துப் பூசிவிட்டார். இப்போது சமயபுரத்துப் பூச்சொரியல் கூட்டம். ஜட்காக்கள் வரிசையில் நின்று குடித்துவிட்டுப் போகின்றன.

கிடாக்கள் எல்லாம் பக்ரீத்துக்கு விலையாகிவிட்டன. ஆட்டுப்பால் வழக்கம்போல் பிச்சமுத்துவின் ஜட்காவில் ஸ்ரீரங்கம் போகிறது. நம் இரட்டைக் குதிரைகளை, கறுப்பனையும் செவலையையும், உத்தர வீதி வக்கீல் ஐயங்கார் தன் பெட்டி வண்டிக்குக் கேட்டிருக்கிறார். பங்குனித் தேருக்கு முன்னால் வேண்டுமாம். பார்க்க வந்தபோது பேத்தியையும் கூட்டிவந்தார். அந்தக் குழந்தை உள்ளங்கையில் வெல்லம் வைத்து நீட்ட, கறுப்பன் கை முழுக்க நக்கினான். அது சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

எழுத வந்தது வேறு. நம் பெண்குதிரை ரோஜா பெண்குட்டி போட்டு மூன்று வாரம் ஆகிறது. குட்டி சுகம். தாய்க்குத்தான் மூக்கில் சளி ஒழுகுகிறது, நிற்க மாட்டேன் என்கிறது. "குதிரைக்குச் சளி பிடிச்சா மாட்டு டாக்டருக்குக் கடுதாசியா? அவன் உடனே கோர்ட்டுல கேஸ் போடச் சொல்வான்" என்று மச்சான் கேலி செய்கிறார். நான் அவருக்குத் தெரியாமல் எழுதவில்லை, பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஏதாவது மருந்து இருந்தால் எழுது.

ஹாஜிரா

•

பெல்லாரி
13-3-1936

அக்கா,

சளி இரண்டு மூக்கிலும் ஒழுகுகிறதா, ஒன்றில் மட்டுமா? அதைப் பார். ஒன்றில் மட்டும் என்றால் தாடைக்குக் கீழே தடவிப் பார்க்கச் சொல். நீ தடவாதே. அங்கே கட்டி இருந்து, அது நகராமல் எலும்போடு ஒட்டிக்கிடந்தால் அது சளி இல்லை. கிளாண்டர்ஸ் என்று பெயர். அதற்கு மருந்து எழுத முடியாது. உலகத்தில் எவனாலும் முடியாது.

ரோஜாவைத் தனியாகக் கட்டு. குட்டியை இன்றைக்கே தாயிடமிருந்து பிரி. ஆட்டுப்பால் கொடு. தொட்டியைக் காலி செய்து காயவிடு. கறுப்பனும் செவலையும் லாயத்தை விட்டு வெளியே போகக் கூடாது, விற்கவும் கூடாது. திருச்சியில் இருக்கிற கால்நடை அதிகாரிக்கு எழுதித் தெரிவி. சட்டம் அப்படி. மறைத்தால் குற்றம்.

மச்சான் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பார். சிரிக்கட்டும். அவருக்கு முப்பது வருஷக் குதிரைப் பழக்கம். எனக்கு மூன்று வருஷப் படிப்பு. ஆனால் அந்த முப்பது வருஷத்தில் அவர் ஒரு கிளாண்டர்ஸ் குதிரையையும் அறுத்துப் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

உன் கையில் வெட்டுக்காயம், கீறல் ஏதாவது இருக்கிறதா? பதில் எழுது.

தாஜுதீன்

•

786
அரியமங்கலம்
18-3-1936

தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீ சலாம் எழுத மறந்துவிட்டாய். நலமா என்று கேட்கவும் மறந்துவிட்டாய். குதிரையின் மூக்கை விசாரித்தவனுக்கு அக்கா ஞாபகம் வரவில்லை. போகட்டும்.

இடது மூக்கில் மட்டும்தான் ஒழுகுகிறது. தாடைக்கடியில் கட்டி இருக்கிறது. பாக்கு அளவு. மச்சான் தடவிப் பார்த்து, "நகரலையே" என்றார். அப்புறம் எழுந்து போய் ஆட்டுக்கு இலை போட்டார்.

உன் கடிதத்தை நான் சத்தமாகப் படித்தேன். அதிகாரிக்கு எழுதுவது என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "எழுதினா என்ன ஆகும் தெரியுமா ஹாஜிரா? துப்பாக்கியோட வருவான். ரோஜாவை மட்டுமா சுடுவான்? ஊசி போட்டுப் பாக்குறேன்னு ஒவ்வொண்ணா சுடுவான். உங்க அத்தா நாகூர்ச் சந்தையிலேருந்து நடத்திக் கூட்டியாந்த குதிரையோட வம்சம் இது. உன் தம்பி ஒரு காகிதத்துல முடிச்சிடுவானா?" என்றார். நீயே சொல், நான் என்ன பதில் சொல்ல?

குட்டியை ஆட்டுக்கொட்டகைக்கு மாற்றியாயிற்று. நீ சொன்னதற்காக இல்லை. ரோஜாவுக்குப் பால் வற்றிவிட்டதாம். நம் வெள்ளாடு பேகத்தைக் கல்மேடையில் ஏற்றி நிறுத்தினால் குட்டி கீழே நின்று நேரே மடியில் குடிக்கிறது. பேகம் முதல் நாள் உதைத்தது. இப்போது குட்டி தாமதித்தால் அதுவே கத்திக் கூப்பிடுகிறது. பிச்சமுத்து பார்த்துவிட்டு, "ஆட்டுக்குக் குதிரை பொறந்த கதையை ஸ்ரீரங்கத்துல சொன்னா பாலுக்கு இன்னும் கிராக்கி ஏறும்மா" என்றான். அவன் குதிரைக்கும் மாசியிலிருந்தே மூக்கு ஒழுகுகிறதாம். அதுவும் நம் தொட்டியில்தான் குடிக்கிறது.

ரோஜாவுக்கு மச்சான் தன் கைவைத்தியம் செய்கிறார். சுக்கு, மிளகு, வசம்பு பொடி செய்து மூங்கில் குழலில் போட்டு, ஒரு நுனியை மூக்கில் விட்டு மறுநுனியை வாயில் வைத்து ஊதுகிறார். அவர் அத்தா காலத்து முறை. ரோஜா தும்முகிற தும்மலில் அவர் முகம், தாடி, சட்டை எல்லாம் நனைந்துபோகிறது. துடைத்துக்கொண்டு மறுபடி ஊதுகிறார். கழுத்தைக் கட்டிக்கொண்டு, "இன்னும் ஒரு தடவை, என் ராசாத்தி" என்று கெஞ்சுகிறார். என்னிடம் அப்படி ஒரு நாளும் கெஞ்சியதில்லை என்று சொன்னேன். "உனக்குச் சளி புடிக்கட்டும், பாக்கலாம்" என்றார்.

நீ கெட்டிக்காரன்தான். அதைக் கொஞ்சம் அன்பாக எழுதினால் என்ன?

ஹாஜிரா

•

பெல்லாரி
22-3-1936

அக்கா, அஸ்ஸலாமு அலைக்கும்.

குழலை எரி. இதைப் படித்து முடிக்கும் முன் எழுந்து போய் எரித்துவிட்டு வா.

நான் முதல் கடிதத்தில் எழுதியிருக்க வேண்டும். குதிரையைப் பற்றியே எழுதினேன். இந்த நோய் மனிதனுக்கும் வரும். குதிரையின் மூக்குநீர் கண்ணிலோ வாயிலோ தோல் வெடிப்பிலோ பட்டால் போதும். வாயில் வைத்து ஊதினார் என்று நீ எழுதிய வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் உனக்குப் பயமாக இருக்கும். தும்மல் குழல் வழியாகவே திரும்பி வாய்க்குள் போயிருக்கும். இப்படி ஒரு வைத்தியத்தை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. யாராவது எழுதியிருந்தால் அன்றைக்கே உங்களிடம் சொல்லி வைத்திருப்பேன்.

மச்சான் சுகமாக இருக்கிறாரா? காய்ச்சல் உண்டா? உடம்பு வலி? முகத்தில் கொப்புளம்? மூக்கில் ரத்தம் கலந்த நீர்? எதுவும் இல்லை என்றால் அல்ஹம்துலில்லாஹ். இரண்டு வாரம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அவருடைய துணிகளைக் கொதிக்க வை. கார்பாலிக் வாங்கித் தண்ணீரில் கலந்து கை கழுவுங்கள். அவர் தட்டில் நீ சாப்பிடாதே. அவர் மூக்கை, வாயை நீ வெறும் கையால் துடைக்காதே.

உடனே தந்தி கொடு. சுகம் என்றால் சுகம் என்று ஒரே வார்த்தை போதும்.

லீவு கேட்டேன். கிராமம் கிராமமாக மாடு சாகிறது, குதிரைக்கு லீவா என்றார் துரை. குதிரைக்கு இல்லை, மச்சானுக்கு என்றேன். மச்சானுக்கு என்ன என்றார். என்ன என்று இன்னும் எனக்கே தெரியவில்லையே.

உன் கையில் காயம் இருக்கிறதா? போன முறை நீ பதில் எழுதவில்லை.

தாஜு

•

786
அரியமங்கலம்
27-3-1936

தாஜு,

தந்தி கொடுக்கவில்லை. கொடுத்தால் தபாலாபீஸில் படிப்பார்கள். படித்தால் ஊர் பூராவும் தெரியும்.

உன் கடிதம் வரும்போதே அவருக்குக் காய்ச்சல். மலேரியா என்று கொயினா கொடுத்தேன். மூட்டுக்கு மூட்டு வலி, பிடித்துவிடு பிடித்துவிடு என்றார். பிடித்துவிட்டேன். மூக்கைத் துடைத்துவிட்டேன். புருஷன் மூக்கைக் கார்பாலிக் போட்டுத் துடைக்க எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நீ சொன்னபோது துடைத்து முடித்திருந்தேன். நேற்று வலது கன்னத்தில் கொப்புளம். கையில் இரண்டு. டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். டாக்டர் டைபாய்டாக இருக்கலாம் என்கிறார், அப்புறம் அம்மையாக இருக்கலாம் என்கிறார். "வீட்டில் ஏதாவது விசேஷமாக நடந்ததா?" என்று கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். உன் மச்சான் கட்டிலிலிருந்தே கண்ணால் வேண்டாம் என்றார்.

டாக்டர் போனதும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் வாங்கினார். "குதிரைன்னு ஒரு வார்த்தை சொன்னே, நான் இப்பவே எந்திரிச்சு வீட்டுக்கு நடப்பேன். நான் பொழச்சு வருவேன் ஹாஜிரா. வந்து பாக்கும்போது லாயம் காலியா இருந்தா எதுக்குப் பொழைக்கணும்?" என்றார்.

இதற்கு நடுவில் வக்கீல் வீட்டு ஆள் திங்கட்கிழமை காலை இரட்டையை ஓட்டிப்போக வருகிறான். "கறுப்பனுக்கும் செவலைக்கும் ஒண்ணுமில்லை. கொடுத்துடு. இந்த ரெண்டுமாவது தப்பிக்கட்டும்" என்கிறார் இவர். பார்த்தால் ஒன்றுமில்லைதான். பளபளவென்று நிற்கின்றன.

கொடுத்தால் பாவம். கொடுக்காவிட்டால் புருஷன் பேச்சை மீறியவள். டாக்டரிடம் சொன்னால் சத்தியத்தை முறித்தவள். சொல்லாவிட்டால் என்ன என்று நீதான் சொல்ல வேண்டும். நீ படித்தவன். ஆனால் தாஜு, தம்பியாக வா. சர்க்கார் ஆளாக வராதே. அவர் முன்னால் வந்து நின்று, "தொட்டி இருக்கட்டும் மச்சான்" என்று ஒரு வார்த்தை சொல். அது மருந்தில்லை என்று தெரியும். இருந்தாலும் சொல்.

ஹாஜிரா

•

பெல்லாரி
30-3-1936

அக்கா,

உன் கடிதம் இன்று மத்தியானம் கிடைத்தது. திருச்சிக் கால்நடை அதிகாரிக்கும் ஆஸ்பத்திரி டாக்டருக்கும் தந்தி கொடுத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். நோயின் பெயர், நம் வீட்டு விலாசம், வக்கீல் வீட்டுக்குப் போகும் குதிரைகள், பிச்சமுத்துவின் குதிரை, எல்லாம் எழுதிக் கொடுத்தேன். தந்தி குமாஸ்தா ஒரு முறை படித்துவிட்டு, "உங்க சொந்த வீடா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

சத்தியம் செய்தது நீ. நான் இல்லை.

நீ கேட்காத கேள்விக்கும் பதில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் வேறு யாரும் உனக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள். மச்சானுக்கு மருந்து கிடையாது. டாக்டருக்குத் தெரிந்தாலும் அவரால் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். டாக்டருக்குத் தெரிய வேண்டும் என்று நான் துடிப்பது மச்சானுக்காக அல்ல. பக்கத்துக் கட்டிலில் கிடப்பவனுக்காக, கட்டு மாற்றுகிறவளுக்காக, உனக்காக.

மோசமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. வேறு மாதிரி எழுத மூன்று காகிதம் கிழித்தேன். பொய் வருகிறது. கிழித்துவிட்டேன்.

லீவு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் புதன்கிழமை ரயிலேறுகிறேன். மச்சானிடம் தொட்டி இருக்கட்டும் என்று சொல்கிறேன். சொல்லத்தான் வருகிறேன்.

உன் கையில் காயம் இருக்கிறதா? அக்கா, இதற்கு மட்டுமாவது பதில் வேண்டும்.

தாஜு

•

(கார்டு)
பெல்லாரி
2-4-1936

அக்கா, உன் தந்தி நேற்று ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது கிடைத்தது. "வராதே. என் முகத்தில் விழிக்காதே." சரி. கட்டிய படுக்கையைப் பிரித்துவிட்டேன். கையைப் பற்றி மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

தாஜு

•

786
அரியமங்கலம்
19-4-1936

தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ இதற்குள் கேள்விப்பட்டிருப்பாய். உனக்குத் தந்தி கொடுக்க வேண்டும் என்றார்கள் ஜமாத்தார். வேண்டாம் என்றேன். அன்றைக்கு என் மனது அப்படி இருந்தது. இப்போது நானே எழுதுகிறேன்.

மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லும்போது உன் மச்சான் போய்விட்டார். டாக்டர் உடம்பைக் குளிப்பாட்ட விடவில்லை. தண்ணீர் படாமல், கையில் துணி சுற்றிக்கொண்டு, குளியலுக்குப் பதிலாக மண் தொட்டுத் தடவி, அப்படியே சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு முகம் காட்டவில்லை. நீ டாக்டருக்குக் கொடுத்த தந்தி இல்லாவிட்டால் என் புருஷனை முறையாகக் குளிப்பாட்டி அனுப்பியிருப்பேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். குளிப்பாட்டியிருந்தால் அந்த நாலு பேரும் அப்புறம் என்ன ஆகியிருப்பார்கள் என்பதை நினைக்க எனக்குப் பல நாள் ஆயிற்று.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். திங்கட்கிழமை காலையில் வக்கீல் வீட்டுக் காரியஸ்தர் வந்தார். உன் தந்தி அப்போது வரவில்லை. "சீக்கிரம் அவுத்து விடுங்கோ, தேருக்கு விருந்தாளிகள்ளாம் வந்துட்டா. குழந்தை வேற கறுப்பன் எங்கே, கறுப்பன் எங்கேன்னு பிராணனை வாங்கறது" என்றார். கயிறு என் கையில் இருந்தது. அவிழ்க்க வேண்டியதுதான் பாக்கி. அந்தக் குழந்தையின் உள்ளங்கை ஞாபகம் வந்தது. "கொடுக்கிறதுக்கில்லீங்க" என்றேன். "அதெப்படி, வாக்குக் கொடுத்தாச்சே! உங்க ஆம்படையான்ட்ட பேசிக்கறேன்" என்று குதித்தார். "அவரு ஆஸ்பத்திரில இருக்காரு. குதிரைக்கும் அதே நோய்தாங்க" என்றேன். கேட்ட மாத்திரத்தில் ரஸ்தாவுக்குப் போய் நின்றுவிட்டார். பாவம், செருப்பை விட்டுவிட்டுப் போனார். ஆக, சத்தியத்தை நானும் முறித்தாயிற்று, உனக்கு அரை நாள் முன்னால். அந்தக் கோபத்தையும் சேர்த்து உன் தலையில் போட்டுத்தான் தந்தி கொடுத்தேன்.

மறுநாள் அதிகாரி போலீசோடு வந்தார். கண்ணிமையில் ஊசி போட்டார். வீங்கினால் நோய் இருக்கிறதாம். அடுத்த நாள் ரோஜாவுக்குக் கண் மூடிக்கொண்டது. நம் கிழட்டுக் குதிரை நவாபுக்கும் வீங்கியது. கறுப்பனுக்கும் வீங்கியது. பளபளவென்று நின்ற கறுப்பனுக்கு. செவலைக்கும் குட்டிக்கும் வீங்கவில்லை. வீங்கிய மூன்றையும் ஆற்றோரம் ஓட்டிப்போனார்கள். சத்தம் இங்கே கேட்டது. பேகம் மேடையில் நின்றபடி காதை விறைத்துக்கொண்டது. குட்டி குடிப்பதை நிறுத்தவில்லை.

பிச்சமுத்துவின் குதிரையையும் சுட்டுவிட்டார்கள். என்னைத் திட்ட வருகிறான் என்று கதவடியிலேயே நின்றேன். அவன் வெளியே நின்று, "உங்க தொட்டியிலதாம்மா குடிச்சது. உங்க குதிரை எனக்குக் குடுத்துச்சா, என்னது உங்களுக்குக் குடுத்துச்சா? யார்கிட்ட போய்க் கேக்குறது?" என்றான். அழுதுவிட்டான்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் கதவுக்கு வெளியே நின்று பேச விட்டார்கள். மச்சானுக்குக் குரல் அடைத்துவிட்டிருந்தது. லாயத்தைப் பற்றிக் கேட்பார் என்று பயந்தேன். கேட்டது குட்டியைப் பற்றி. "பேகத்துக்கிட்ட குடிக்குது. ஒரு சுத்து பெருத்திருக்கு" என்றேன். அது பொய்யில்லை. அப்போது சொன்னார்: "ரோஜாவுக்குப் பால் வத்தலை ஹாஜிரா. உன் தம்பி பிரின்னு எழுதியிருந்தானே, அதுக்குத்தான் மாத்தினேன். அவன்கிட்ட சொல்லிடாதே. தலைமேல ஏறி உக்காந்துக்குவான்."

சொல்லிவிட்டேன். எத்தனையோ சத்தியத்தை முறித்தவள்.

உன் பேச்சைக் கேட்டிருக்கிறார், தாஜு. குட்டிக்குக் கேட்டார். ரோஜா விஷயத்தில் கேட்கவில்லை, தன் விஷயத்திலும் கேட்கவில்லை.

தொட்டியை அதிகாரியின் ஆட்களே உடைத்துவிட்டார்கள். நீ ஆசைப்பட்டது. அதன்பிறகு வந்த முதல் ஜட்காக் குதிரை, தொட்டி இருந்த இடத்தில் வந்து நின்று தரையை முகர்ந்தது. வண்டிக்காரன் அடித்தும் நகரவில்லை. என்னால் பார்க்க முடியவில்லை. நான் இத்தாவில் இருக்கிறேன், நாலு மாதம் பத்து நாள் வாசலுக்குப் போகக் கூடாது. உள்ளே இருந்தபடி பிச்சமுத்துவைக் கூப்பிட்டுச் சொன்னேன். குதிரை இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறானே. இப்போது அவன் கிணற்றில் இறைத்து நிற்கிறான். வண்டிக்கு ஒரு வாளி. அவனவன் தன் வாளியைக் கொண்டுவந்தால் மேலிருந்து ஊற்றுவான். நம் வாளி அவர்கள் குதிரையைத் தொடாது, ஒரு குதிரையின் வாளியில் இன்னொன்று வாய் வைக்காது. வாளி இல்லாதவனைத் திட்டி அனுப்புகிறான். "வாளி வாங்கிட்டு வாய்யா, வாய் மட்டும் கொண்டாந்தா போதுமா?" என்று கத்துவது எனக்கு உள்ளே கேட்கிறது. அம்மா கேட்டது இதற்குள் அடங்குமா? நீ படித்த படிப்பும் இதற்குள் அடங்குமா? தப்பு இருந்தால் எழுது, நிறுத்திவிடுகிறேன்.

செவலைக்கும் குட்டிக்கும் மறுபடி ஊசி போட வேண்டுமாம். அதிகாரி அடுத்த வாரம் வருகிறார். அந்த ஊசியை நீ போட்டால் தேவலை. வீங்கினாலும் நீ சொன்னால் தாங்கிக்கொள்வேன். கிளம்பி வா. வந்தால் சோறு வைப்பேன். சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

நாலு தடவை ஒரே கேள்வி கேட்டாய். வேண்டுமென்றேதான் பதில் எழுதவில்லை. முதல் தடவை கோபத்தில். அடுத்த தடவை அவர் கட்டிலில் கிடக்கும்போது என் கையைப் பற்றி எழுத மனம் வரவில்லை. அப்புறம், நீயும் தவிக்கட்டும் என்று.

என் கையில் காயம் எதுவும் இல்லை. ஆடு கறந்து காய்த்துப்போன கை. காய்ச்சலும் இல்லை. தினமும் பார்த்துக்கொள்கிறேன்.

ஹாஜிரா